நம்ம குடும்பம் குழு: அருணின் வேலை மாற்றம்

சுதா: பாட்டிக்கு முழங்கால் ஆபரேஷன் அடுத்த மாதம் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் இரண்டு தேதி கொடுத்திருக்கிறார். அருண், நீ வருவதாகச் சொன்னாயே, உனக்கு எது சரி?

கௌதம்: பாட்டி ஒத்துக்கொண்டார்களா!

சுதா: வலி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டது.

அருண்: அம்மா, போனில் சொல்லலாம் என்று இருந்தேன். பெரிய விமானக் கம்பெனியில் பைலட் வேலை கிடைத்துவிட்டது. புதிதாகச் சேருபவர்களுக்கான பயிற்சி கிளாஸ் அடுத்த மாதம் ஆரம்பம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தீபா: வாவ்!! அருண்!!

ரமேஷ்: சபாஷ்டா. எந்தக் கம்பெனி?

அருண்: குழுவில் பெயர் வேண்டாம் சித்தப்பா. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

சேகர்: இப்போதுதானே கேப்டன் ஆனாய். அது?

அருண்: அது போய்விடும் அப்பா. இப்போது இருப்பது சின்ன விமானக் கம்பெனி. பெரியதில் சேர்ந்தால் மறுபடியும் கோ-பைலட். சீனியாரிட்டி பட்டியலில் கடைசி.

சுதா: கேப்டனைக் கோ-பைலட் ஆக்குவதற்கு ஒரு இன்டர்வியூ வேறா?

மூர்த்தி: சுதா, இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் சீனியாரிட்டி பட்டியலோடுதான் மல்லுக்கட்டினேன், ஆனால் அமெரிக்க விமானக் கம்பெனிகளில் அது இன்னும் கறார். சேரும்போது ஒரு எண் கொடுப்பார்கள். எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த விமானம், எந்த மாதம் லீவு, எப்போது கேப்டன் என எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்யும். வேறு இடத்தில் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் யாரையும் நடுவில் செருக மாட்டார்கள். ஒரு வரிசையை விட்டுப் போனவன் அடுத்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் விலகினால் அல்லது 65 வயதில் ஓய்வு பெற்றால்தான் கீழே இருப்பவர் ஒரு எண் ஏறுவார். முன்பு அது 60. 2007 டிசம்பரில் 65 ஆக்கினார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். கீழே இருந்தவர்கள் அதே எண்ணில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கௌதம்: பெரியப்பா, 'மேலும் படிக்க' அழுத்தினால் இன்னும் வருகிறது.

தீபா: காலையிலிருந்து டைப் செய்துகொண்டிருக்கிறார். காபி ஆறிவிட்டது.

சுதா: சரி அத்தான், புரிகிறது. அருண், எந்த ஊரில் இருந்து பறப்பாய்?

அருண்: நியூயார்க் பக்கம். நியூவார்க்காக இருக்கலாம். புதிதாகச் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் காலியிடம் இருக்கும். செலவு அதிகம், நெரிசல், எண் வந்ததும் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

சேகர்: டாலஸ் வீடு?

அருண்: அந்தக் கம்பெனிக்கு டாலஸில் பேஸ் இல்லை, அதாவது விமானிகள் டூட்டி தொடங்கும் ஊர் அது இல்லை. வீடு இங்கேயே இருக்கும். நான் விமானத்தில் வேலைக்குப் போய் வருவேன். நிறையப் பேர் அப்படித்தான்.

ரமேஷ்: டிக்கெட் யார் தருவார்கள்?

அருண்: காலி சீட் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் காக்பிட்டில் ஜம்ப்சீட் என்ற கூடுதல் இருக்கை. இரண்டும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த விமானம். அதனால் முதல் நாளே கிளம்ப வேண்டிவரும்.

கௌதம்: 2009இல் பஃபலோ பக்கத்தில் ஒரு விமானம் விழுந்ததே, அந்த கோ-பைலட் கூட அப்படித்தான். சியாட்டிலில் இருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து நியூவார்க் வந்து, அன்றே டூட்டி.

சுதா: என்னது?

தீபா: கௌதம்!!!

ரமேஷ்: டேய்.

கௌதம் ஒரு செய்தியை நீக்கிவிட்டார்

சுதா: நீக்கிவிட்டால் நான் படித்தது போய்விடுமா? அருண், இது உண்மையா?

அருண்: உண்மைதான் அம்மா. 50 பேர் இறந்துபோனார்கள். விமானம் வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழே இறக்காமல் கன்ட்ரோலைப் பின்னால் இழுத்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். இருவரும் சரியாகத் தூங்காததும் பேசப்பட்டது. அதற்குப் பிறகுதான் கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது, 2014இல் புதிய ஓய்வு விதி வந்தது.

சேகர்: வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் நேரம் அந்த விதியில் உண்டா?

அருண்: இல்லை அப்பா. அது டூட்டி கணக்கில் சேராது. களைப்பாக இருந்தால் பறக்க மாட்டேன் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சுதா: முதல் வருடத்தில் நீ அப்படிச் சொல்வாயா?

மூர்த்தி: அது நியாயமான கேள்வி. முதல் வருடம் ப்ரொபேஷன். அப்போது வெளியே அனுப்பினால் யூனியன் பெரிதாகக் காப்பாற்ற முடியாது.

சுதா: அத்தான், நீங்கள் எனக்கு ஆதரவாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

மூர்த்தி: விஷயத்துக்கு ஆதரவாகப் பேசினேன்.

தீபா: வீடு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

அருண்: வித்யாவின் வேலை இங்கே இருக்கிறது அக்கா.

ரமேஷ்: வித்யா என்ன சொல்கிறாள்? இந்தக் குழுவில்தானே இருக்கிறாள்?

சுதா: நேற்று ராத்திரி டூட்டி, தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பாதீர்கள்.

அருண்: இன்னொரு வழியும் இருக்கிறது. குறைந்த கட்டணக் கம்பெனி ஒன்று டாலஸ் பேஸே தருவதாகச் சொல்கிறது. காரில் வேலைக்குப் போகலாம். மூன்று வருடத்தில் கேப்டன் ஆகலாம் என்கிறார்கள்.

சுதா: அப்படியானால் அதுதான்! இதற்கு என்ன யோசனை?

மூர்த்தி: அவசரப்படாதே. ஸ்பிரிட் என்ற குறைந்த கட்டண விமானக் கம்பெனி 2024 நவம்பரில் திவால் மனு போட்டது, 2025 ஆகஸ்டில் மறுபடியும் போட்டது. அங்கே வேலை பார்த்த விமானிகளுக்குக் கேப்டன் பட்டை இருந்து என்ன? வெளியே வந்தால் எங்கே போனாலும் புது ஆள்தான். கம்பெனி நிலைத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. இரண்டு கம்பெனிகள் இணைந்தால் அதைவிடக் கூத்து. யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் இணைந்தன. யார் யாருக்கு மேலே என்பதில் மத்தியஸ்தர் 2007இல் தீர்ப்புச் சொன்னார். பழைய யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்காமல் தனி யூனியன் தொடங்கி, 2008இல் பழைய யூனியனையே மாற்றிவிட்டார்கள். வருடக்கணக்காகக் கோர்ட்.

ரமேஷ்: நம் பூர்வீக நிலம் மாதிரி.

சேகர்: ரமேஷ், அதை இங்கே இழுக்காதே.

ரமேஷ்: நான் எதையும் இழுக்கவில்லை அண்ணா. அவன் ஃப்ளையிங் ஸ்கூல் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் கேட்கிறேன், கடன் முடியும்வரை வேலை இருக்குமா இருக்காதா?

அருண்: கடன் போன வருடமே முடிந்துவிட்டது சித்தப்பா. சொன்னேனே.

ரமேஷ்: சொன்னாயா? சரி. சந்தோஷம்.

தீபா: பெரிய கம்பெனியிலும் ஆட்களை வெளியே அனுப்புவார்கள்தானே?

அருண்: ஆமாம், கடைசியில் சேர்ந்தவன் முதலில் போவான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அப்படிப் போனவர்களில் சிலரைக் கூப்பிடப் பல வருடம் ஆனது. ஆனால் கூப்பிடும்போது எண் அப்படியே இருக்கும்.

சேகர்: முதலில் ரிசர்வ்தானே?

அருண்: ஆமாம் அப்பா. போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டால் சில மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். டாலஸில் உட்கார்ந்துகொண்டு அது முடியாது. அங்கே கிராஷ்பேட் எடுக்க வேண்டும், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே அறை, அடுக்குக் கட்டில்.

கௌதம்: மனைவி, வீடு, கார் எல்லாம் வந்த பிறகு மறுபடியும் ஹாஸ்டல்.

சுதா: கிராஷ்பேட் என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை.

அருண்: அம்மா, பாட்டி விஷயம். கிளாஸை ஒரு மாதம் தள்ளிக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்கு வந்துவிட்டுப் போய்ச் சேருகிறேன்.

மூர்த்தி: கூடாது! ஒரு நாள்கூடத் தள்ளாதே. இடையில் நடக்கும் ஒவ்வொரு கிளாஸிலும் சேருபவர்கள் எல்லோரும் நீ ஓய்வு பெறும்வரை உனக்கு மேலே நிற்பார்கள். லீவு கேட்டால் அவர்களுக்குப் பிறகு நீ. பேஸ் கேட்டால் அவர்களுக்குப் பிறகு நீ.

சேகர்: அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்கிறான். அதற்கும் எண்ணா?

மூர்த்தி: அவள் எனக்கும் அம்மாதான் சேகர். கேட்டுப் பார், 'போடா வேலைக்கு' என்பாள்.

அருண்: ஒரே கிளாஸில் சேருபவர்களுக்குள் வயது மூத்தவருக்கு முதல் எண் தருவார்கள். பல கம்பெனிகளில் அப்படித்தான்.

தீபா: அப்பா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி!

மூர்த்தி: அதேதான்! ஆகஸ்டில் பிறந்தவனை மே என்று எழுதி ஒரு வருடம் முன்னால் சேர்த்தது யார்? கிளாஸில் அந்த மூன்று மாதம் உனக்குக் கைகொடுக்கும்.

சுதா: அந்தத் தேதியால் பிள்ளைக்கு இரண்டு பிறந்தநாள். எந்த நாளில் வாழ்த்துவது என்று இன்றுவரை ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாது. அப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கௌதம்: ஆனால் பெரியப்பா, 65 கணக்கும் மே மாதத்தில் இருந்துதானே? கடைசி மூன்று மாதம், பட்டியலின் உச்சியில் இருக்கும்போது, போச்சே.

தீபா: ஹாஹாஹா

மூர்த்தி: அதற்குள் 65ஐ மாற்றுவார்கள்.

வித்யா: இப்போதுதான் எழுந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். பெரிய மாமா, எண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ரிசர்வில் அவர் அங்கே, ராத்திரி டூட்டியில் நான் இங்கே என்றால், இருவரும் ஒரே வீட்டில் இருக்கும் நாள் எது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். அதை யாரும் இன்னும் கேட்கவில்லை.

சுதா: நான் கேட்கலாம் என்றுதான் இருந்தேன் கண்ணு.

வித்யா: தெரியும் அத்தை. நியூ ஜெர்சியிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது, என் லைசென்ஸை அங்கே மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் இந்த வேலையை விட்டால் நானும் ஷிப்ட் தேர்வில் கடைசி. அங்கேயும் சீனியாரிட்டிதான்.

ரமேஷ்: ஆக, வீட்டுக்கு இரண்டு கடைசி ஆட்கள்.

அருண்: வித்யா, நீ லைசென்ஸ் பற்றி விசாரித்தாயா? எப்போது?

வித்யா: வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். குழுவில் வேண்டாம்.

சேகர்: அது சரி. வியாழன்வரை யாரும் அவனுக்கு அறிவுரை அனுப்பாதீர்கள். பாட்டிக்கு முதல் தேதியே இருக்கட்டும். நானும் ரமேஷும் ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருக்கிறோம்.

ரமேஷ்: நான் எப்போது சொன்னேன்?

சேகர்: இப்போது நான் சொன்னேன்.

ரமேஷ்: முதல் தேதியில் எனக்கு ஆடிட். இரண்டாவது தேதி என்றால் வருகிறேன்.

சுதா: இரண்டாவது தேதியில் அந்த டாக்டர் இல்லை, அவர் ஜூனியர்தான் செய்வாராம்.

கௌதம்: ஜூனியர் வேண்டாம். சீனியாரிட்டி முக்கியம்.

அருண்: அடுத்த விமானத்துக்குப் போகிறேன். தரையிறங்கியதும் பார்க்கிறேன். அம்மா, இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பாட்டியிடம் எதுவும் சொல்லாதே.

சுதா: பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வித்யா சொல்வதுதான் சரி என்கிறார்.

மூர்த்தி: எந்த வருடம் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள், அருண் எங்கே நிற்பான் என்று எக்செல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு கம்பெனிக்கும். ராத்திரிக்குள் அனுப்புகிறேன்.

தீபா: அப்பா, வியாழன்வரை அறிவுரை கூடாது என்று சித்தப்பா சொன்னாரே.

மூர்த்தி: எக்செல் அறிவுரை ஆகாது.