கப்பலேறிய வாஷிங் மெஷினும் குப்பைக்குப் போன நாலு போல்ட்டும்

வீடு மாறியபோது வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் பட்ட பாட்டை மூன்று வீட்டுக்காரர்கள் எழுதியது இது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு

செங்காங் வீட்டைக் காலி செய்தபோது, "சோபா, கட்டில் எல்லாத்தையும் குடுத்துட்டு வா, மெஷினையும் ஃபிரிட்ஜையும் மட்டும் கொண்டு வந்துடு" என்றார் மாமியார். முன்பக்கம் கதவு வைத்த 8 கிலோ வாஷிங் மெஷின், வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றினால் வேலை முடிந்தது என்று நானும் தைரியமாக இருந்தேன்.

இந்த வகை மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. ஆட்டத்தை அடக்க கான்கிரீட் பாளம் வேறு கட்டியிருக்கும். அவ்வளவு கனம் வழியில் ஆடக்கூடாது என்பதற்காகப் பின்பக்கம் நீள நீளமான போல்ட் போட்டு டிரம்மை இறுக்கித்தான் கடைக்கே அனுப்புகிறார்கள். வீட்டில் பொருத்த வந்தவர் அந்த நாலையும் கழற்றி, "பத்திரமா வைங்க" என்று என் கையில் கொடுத்தார். பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது எதனுடைய போல்ட் என்று தெரியாமல் நானே குப்பையில் போட்டேன்.

பேக்கிங் ஆள்கள் முதலில் கேட்டதே அதைத்தான். இல்லை என்றதும் டிரம்மைச் சுற்றித் துண்டுகளைத் திணித்து, டேப் சுற்றி ஏற்றிவிட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து இங்கே முதல் தடவை துணி பிழிந்தபோது மெஷின் குளியலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தே வந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்: ஒரு ஸ்பிரிங் கழன்று கிடந்தது, டிரம்மின் அதிர்வை அடக்கும் டாம்பர் உடைந்திருந்தது. "சர்வீஸ் சென்டர்ல கேட்டிருந்தா மாடல் நம்பர் பாத்து போல்ட் எடுத்துத் தந்திருப்பாங்களே" என்றார். சரி, அப்போது யார் சொன்னார்கள்?

ஃபிரிட்ஜ் கதை இதைவிட மோசம். உள்ளே கண்ணாடி மாதிரி துடைத்தேன். பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தட்டு இருப்பதும், பனி உருகும் தண்ணீர் அதில்தான் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. முந்தின நாள் ராத்திரிதான் அணைத்தேன், அதனால் தட்டில் தண்ணீர் அப்படியே நின்றது. அட்டையைப் பிரித்ததும் அழுகல் நாற்றம். போதாததற்கு மாடிப்படித் திருப்பத்தில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஓடிவிடுமாம். ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம்தான் மெக்கானிக் ஸ்விட்ச் போட விட்டார்.

நியூ ஜெர்சியிலிருந்து சென்னைக்கு

திருச்சிக்காரரே, உங்களுக்கு வோல்டேஜாவது ஒன்று. எங்களுக்கு அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்று மேல்மூடி வாஷரையும் மைக்ரோவேவையும் ஏற்றினோம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதை, தொடாது. மைக்ரோவேவ் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியபோதுதான் எனக்கே உறைத்தது: அது கரண்ட்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டிக்கொண்டிருந்தது. வாஷர் பழைய மாடல், திருகு டைமர். பத்து நிமிஷத் துவையல் பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. மோட்டாரும் மெதுவாகச் சுற்றிச் சூடேறி, நாலாம் மாதம் படுத்துவிட்டது. கன்டெய்னரில் அந்த இடத்துக்குப் புத்தகங்களை ஏற்றியிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் பரணில் கிடக்கிறது, வேண்டுபவர்கள் சொல்லவும்.

வேளச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்கு

நாங்கள் எதையும் ஏற்றவில்லை, பூட்டி வைத்துவிட்டுத்தான் போனோம். ஃபிரிட்ஜைத் துடைத்து, பூச்சி வராமலிருக்க நாலு பாச்சை உருண்டை போட்டுக் கதவை இறுக்கமாகச் சாத்தியது என் யோசனை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் கதவு ரப்பர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அதையாவது வினிகர் தொட்டுத் தேய்த்து எடுத்தோம். பாச்சை உருண்டை வாசம் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிட்டது. தயிர்கூட அந்த மணத்தோடுதான் உறைந்தது. அடுப்புக்கரி, எலுமிச்சைத் தோல், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று, கடைசியில் எக்ஸ்சேஞ்சில் போட்டோம்.

இந்தத் தடவை கிளம்பும்போது புது ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்னாலேயே அணைத்து உலர்த்திவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து மூடாமல் கட்டினேன். சாவி மச்சினர் வீட்டில் இருக்கிறது, பிள்ளைகள் வந்து போவார்கள். உள்ளே புகுந்து விளையாடிவிடக் கூடாதே என்று கதவுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். வாஷிங் மெஷினில் கீழே இருக்கும் ஃபில்டரைத் திருகித் திறந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு ரூபாய்க் காசு மூன்று. வடிகுழாய் வாயைத் துணியால் கட்டினேன், எலிக்காக.

மறுபடி திருச்சியிலிருந்து

அந்த ஃபில்டரை நான் இதுவரை திறந்ததே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன், குழந்தையின் சாக்ஸ் ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு மெஷின் முதுகிலேயே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மாமியாரிடமும் காட்டிவிட்டேன், பொங்கல் வருகிறது.