சார்ஜிங் இடத்தில் பெட்ரோல் கார் நிற்கிறது, தடுக்க வழி?

பெருங்குடிவாசி:
வணக்கம். அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டில், லிஃப்ட்டை ஒட்டி, மின் கார்களுக்கென இரண்டு பொது இடங்கள். இடத்துக்கு ஒன்றாக 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர். சாயங்காலமானால் அங்கே பெட்ரோல் கார்தான். சுவரில் போர்டு இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சொல்லி ஓய்ந்தாயிற்று. மடக்குத் தடுப்பு போட்டால் தீருமா?

வயரிங்_அண்ணன்:
லிஃப்ட் பக்கம் வைத்ததுதான் வினையே. கை நிறையப் பையோடு வருகிறவருக்கு அது நல்ல பார்க்கிங், அவ்வளவுதான். முடிந்தால் கடைசி மூலைக்குத் தள்ளுங்கள். 32 ஆம்பியருக்கு, பேனலிலிருந்து 30 மீட்டர் வரை 6 சதுர மி.மீ. காப்பர் போதும். அதைத் தாண்டினால் வோல்டேஜ் இறங்கும், 10 போடுங்கள். சார்ஜருக்கு ஒரு தனி லைன்.

கார் நின்றதும் சுவர் போர்டு மறைந்துவிடும். அதனால் 2.5-க்கு 5 மீட்டர் தரை முழுக்கப் பச்சை எபாக்ஸி அடியுங்கள். கிரைண்டிங், தூசி எடுப்பு, பிரைமர் ஒன்று, மேல்கோட் இரண்டு. ஒரு வாரம் வண்டி ஏறக்கூடாது. அவசரப்பட்டால் சூடான டயரோடு பெயிண்ட் உரிந்து வரும்.

ஓஎம்ஆர்_ஈவி:
தடுப்பு போடலாம். ஆனால் கிளம்புகிறவர் அதைத் திரும்பத் தூக்கிவிட மாட்டார், எல்லா இடத்திலும் கோட்டை விடுவது அங்கேதான். சாவியும் தூக்கிவிடும் பொறுப்பும் செக்யூரிட்டியிடம் இருக்கட்டும். நுழைவு ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நடுவில் பொருத்துங்கள். ரொம்ப உள்ளே வைத்தால் சின்ன கார் அதற்கு முன்னாலேயே பாதி நுழைந்து நிற்கும். ஸ்லாப் போஸ்ட் டென்ஷன் என்றால் வரைபடம் பார்க்காமல் டிரில் வைக்கவே வேண்டாம். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியில் பட்டால் பெரிய செலவு.

செக்யூரிட்டிக்கு ஒரே விதி: பச்சை நம்பர் பிளேட். வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து டாக்ஸி. "ஹைப்ரிட்டும் எலக்ட்ரிக்தானே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஹைகிராஸ், ஹைரைடருக்கெல்லாம் சார்ஜர் செருக இடமே கிடையாது, பச்சை பிளேட்டும் கிடையாது.

பெருங்குடிவாசி:
நன்றிங்க. இன்னொன்று: சார்ஜ் முடிந்த மின் காரே விடியும்வரை நிற்கிறது. அபராதம் போடலாமா?

வயரிங்_அண்ணன்:
பெட்ரோல் காருக்கான அபராதத்தைப் பொதுக்குழுவில் தீர்மானமாக்கி, பராமரிப்புக் கட்டண பில்லில் சேருங்கள். உள்ளே வந்து போலீஸ் இழுத்துப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். டயரில் காற்றைப் பிடுங்கினால் புகார் உங்கள் மேல்தான் வரும்.

ஓஎம்ஆர்_ஈவி:
சார்ஜ் முடிந்தும் நிற்பதற்கு, ஓசிபிபி (சார்ஜரும் அதை நிர்வகிக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) உள்ள சார்ஜர் என்றால் செயலியிலேயே ஐடில் கட்டணம் வைக்கலாம். 30 நிமிடம் சலுகை கொடுங்கள். இரவு 11 முதல் காலை 6 வரை விலக்கு. ராத்திரி 2 மணிக்கு யாரும் இறங்கி வந்து காரை எடுக்கப் போவதில்லை. ஒரு சிக்கல் உண்டு: பேட்டரி நிறைந்தாலும், காரில் டைமர் வைத்துக் காத்திருந்தாலும், சார்ஜர் காட்டுவது 'சஸ்பெண்டட் ஈவி' என்ற ஒரே நிலையைத்தான். யூனிட்டே ஏறாதவருக்கும் கட்டணம் விழும், சண்டை வரும். பொது சார்ஜரில் கார் டைமரை அணைத்துவிடச் சொல்லி முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.