ஸ்க்ரமா, கான்பனா? சின்ன டீமுக்கு எது செட் ஆகும்?

வணக்கம் மக்களே, கொஞ்சம் வழி சொல்லுங்க. எங்க டீம்ல டெவலப்பர் அஞ்சு பேரு, டெஸ்டர் ஒருத்தங்க, ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். இப்போ ரெண்டு வார ஸ்ப்ரிண்ட் வச்சு ஸ்க்ரம் ஓடுது, அதாவது அந்த ரெண்டு வாரத்துல (ஸ்ப்ரிண்ட்) என்ன முடிக்கணும்னு முன்னாடியே பிளான் போட்டு வேலை பண்ற முறை, ஆனா திங்கக்கிழமை உக்காந்து பிளான் போட்டா புதன்கிழமைக்குள்ள ஏதோ ஒரு கடைலருந்து பில் பிரிண்ட் ஆகலன்னு போன் வந்துடும், கவுண்டர்ல ஆளுங்க நிக்கிறப்போ அடுத்த ஸ்ப்ரிண்ட்ல பாக்கறோம்னு சொல்ல முடியுமா, ரெண்டு பேர் அதுல இறங்கிடுவாங்க, ஸ்ப்ரிண்ட் கோல் அப்படியே நின்னுடும். பசங்க பாவம், ஒவ்வொரு ரிவ்யூலயும் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

அதான் கான்பன் யோசிக்கிறேன், அதாவது ஸ்ப்ரிண்ட் இல்லாம ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டா போர்டுல போட்டு நகர்த்திட்டே போற முறை. ஒரே நேரத்துல மூணு கார்டுக்கு மேல ஓடக்கூடாதுன்னு போர்டுல லிமிட் வச்சா ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது எடுக்க முடியும், அவசர பக்குக்கு (சாஃப்ட்வேர் கோளாறுக்கு) போர்டுல தனி லேன், அதாவது தனி வரிசை, விட்டுடலாம். ஆனா மேனேஜ்மென்ட் ரிலீஸ் தேதி கேக்கறாங்களே, ஸ்ப்ரிண்ட் இல்லாம அதை எப்படி சொல்றது? சைக்கிள் டைம் (ஒரு வேலையை எடுத்ததுலருந்து முடிக்கற வரைக்கும் ஆகுற நேரம்) பாத்து தேதி குடுக்கறவங்க யாராவது இருந்தா விளக்குங்க ப்ளீஸ். வாட்டர்ஃபால் (எல்லாத்தையும் முன்னாடியே பிளான் போட்டு படிப்படியா பண்ற முறை) மட்டும் வேண்டாம், 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி விகிதம் மாறுன மாதிரி திடீர்னு வந்தா அது தாங்காது.

ரெண்டையும் கலந்து ஸ்க்ரம்பன் பண்றவங்க, ஸ்க்ரம்ல தினமும் நடக்கற 15 நிமிஷ மீட்டிங்கை வச்சிருக்கீங்களா, எடுத்துட்டீங்களா?