இன்டேக் குழாய் மாற்றிய பிறகு இசியூ டியூனிங்: புதுப்பிப்பு

என் பெட்ரோல் காரில், என்ஜினுக்குக் காற்று செல்லும் இன்டேக் குழாயாக அகலமான ஒன்றைப் பொருத்தியதிலிருந்து செக் என்ஜின் விளக்கு எரிகிறது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 பிழைக் கோடு வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காற்றுக் கசிவாக இருக்கலாம் என்று பலர் சொன்னதால் தஞ்சாவூரில் புகைச் சோதனை செய்து பார்த்தோம். கசிவு எதுவும் இல்லை.

காரணம் குழாயின் விட்டம்தான். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், தன் சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்தே மொத்தக் காற்றைக் கணிக்கிறது. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாகச் செல்வதால் சென்சார் குறைத்துக் காட்டும், என்ஜினை இயக்கும் கணினியான இசியூவும் பெட்ரோலைக் குறைத்தே பீய்ச்சும். சீரான ஓட்டத்தில், வெளியேறும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு இசியூ தானே பெட்ரோலை 16 சதவீதம் வரை கூட்டிச் சரிக்கட்டியது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அந்தத் திருத்தத்தை அப்படியே நம்ப முடியாது. எனக்கிருந்த கவலையே அதுதான்.

டியூனர் சென்சாரின் அளவீட்டு வளைவைப் புதிய குழாய்க்கு ஏற்பத் திருத்தினார். இப்போது இசியூ தானே செய்யும் பெட்ரோல் திருத்தமான ஃபியூவல் டிரிம் 3 சதவீதத்துக்குள் நிற்கிறது. முழு மிதியில், காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் லாம்ப்டா 0.86 காட்டுகிறது (லாம்ப்டா 1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்). சரியான கலவைக்கான 14.7 என்ற காற்று-எரிபொருள் எடை விகிதம் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு உரியது, 20 சதவீத எத்தனால் கலந்த இ20க்கு அது ஏறத்தாழ 13.5 என்பதால் லாம்ப்டாவைப் பார்ப்பதே நல்லது.

சம்பா அறுவடை நேரத்தில் கும்பகோணம் சாலையில் வைக்கோல் தூசு பறக்கும். எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அது சென்சார் கம்பியில் படிந்து, தூசையும் பிடித்துவைத்துக்கொண்டு அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால் காகித ஃபில்டருக்கே மாறிவிட்டேன். தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை இன்னும் தொடவில்லை.