அந்தக் கால்வாசி இடம் யாருடையது?

சின்னப்பள்ளி:
கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். பள்ளி நடத்துகிறவன் ஒருத்தனும் பேசக் காணோம், அதனால் நான் வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நர்சரியும் பிரைமரியும் சேர்த்து 180 பிள்ளைகள். மாமனார் கொடுத்த மனை, வங்கிக் கடனில் எழுப்பிய ஆறு வகுப்பறை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் கால்வாசி இடத்தை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் விடு என்கிறது. எல்கேஜியில் 32 பேர் என்றால் 8 பேர். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். தரும்தான். ஒரு முறை எனக்குப் பதினெட்டு மாதம் கழித்து வந்தது. கடன் தவணை அதுவரை காத்திருக்குமா?

இட்லிக் கடைக்காரரிடம் போய், நாலு இட்லிக்கு ஒன்றைப் பசித்தவனுக்கு வை, காசு அப்புறம் தருகிறோம் என்று யாராவது சொல்வார்களா?

குலுக்கல் அம்மா:
சார், இட்லிக் கடைக்காரர் பசித்து வந்தவனிடம் உன் அப்பா என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில்லை. மகளுக்கு இடம் கேட்டு நான் ஏறிய மூன்று பள்ளியிலும் கேட்டார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் பிளவுஸ் தைக்கிறேன்.

அந்தக் கால்வாசி இடத்துக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அது எப்படி நடக்கும் என்று இங்கே எழுதுகிற பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். 9 இடத்துக்கு 23 பேர். ஆதரவற்ற பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் குலுக்கல் இல்லாமலே இடம் உண்டு. அப்படி ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது போக 8. பள்ளி ஹாலில் எங்களை உட்கார வைத்து, பெயர் எழுதிய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, ஒரு யுகேஜிப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, வாசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுத்தான் ஆபீசர் கையில் கொடுத்தான். ஏழாவது சீட்டு என் மகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எங்கள் தெருக்காரி, அவள் பையனுக்கு வரவில்லை. இப்போதும் அவளைக் கண்டால் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

ராஜாஜி பக்தன்:
அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், 8 பேருக்கு யோகம், 14 பேருக்கு இல்லை. இதற்குப் பெயர் சமவாய்ப்பா, லாட்டரியா?

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, அரசு எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பதைத்தான் 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்றார். பள்ளி நடத்துவதும், தொழில் செய்யும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவின்கீழ் ஒரு தொழில் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வே சொன்னது. அப்புறம் 2012 ஏப்ரல் 12 அன்று இந்த 25 சதவீதம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, அதுவும் 2-1 கணக்கில். அரசு உதவி பெறாத பள்ளிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் மாறுபட்டு எழுதினார். அரசியலமைப்பின் 21ஏ பிரிவைப் படியுங்கள். இலவசக் கல்வி தர வேண்டியது அரசு என்றுதான் இருக்கிறது. தன் தலைச்சுமையை இறக்கி அடுத்தவன் தோளில் வைப்பதற்குச் சமத்துவம் என்று பெயரா? 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு முழு விலக்கும் கிடைத்துவிட்டது. ஒரே தெருவில் ஒரு பள்ளிக்குச் சட்டம் உண்டு, எதிர்ப் பள்ளிக்கு இல்லை.

கரும்பலகை:
நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பக்தன் சாரும் அம்மாவும் சண்டை போடுகிற இடத்துக்கு எதிரில்தான் என் பள்ளி இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பிள்ளைகளை அரசே பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறது. பிறகு என் பள்ளியில் எண்ணிக்கை குறைவு என்று என்னையே கேட்கிறது. கர்நாடகம், அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியாருக்கு அனுப்புவதில்லை என்று விதியை மாற்றியது. மகாராஷ்டிரம் 2024இல் அதையே செய்யப் பார்த்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் வருமான உச்சவரம்பு 2 லட்சம் நலிவடைந்த பிரிவுக்கு மட்டும்தான். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்று போதும். காரில் வந்து இறங்கி விண்ணப்பம் கொடுத்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

குலுக்கல் அம்மா:
வாத்தியார் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?

கரும்பலகை:
தனியார் பள்ளியில்தான். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் எழுத வந்தேன். என் பள்ளியில் எல்கேஜி கிடையாது. 2019இல் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லை. மூன்றரை வயதில் ஒரு பள்ளியில் விட்ட பிள்ளையை ஐந்து வயதில் பிடுங்கி எடுத்து வர வீட்டில் சம்மதிக்கவில்லை. எனக்கும் அவ்வளவு பிடிவாதம் இல்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ராஜாஜி பக்தன்:
இதைத்தான் சொல்கிறேன். பள்ளியைத் தேர்ந்தெடுக்க வாத்தியாருக்கு இருக்கிற வாய்ப்பு அந்த அம்மாவுக்கும் இருக்கட்டும். பணத்தைப் பள்ளிக்குத் தராதீர்கள், பெற்றோர் கையில் கூப்பனாகக் கொடுங்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955லேயே சொன்ன யோசனை. பிடித்த பள்ளிக்கு எடுத்துப் போகட்டும். நல்ல பள்ளி நிற்கும், மோசமானது மூடும். யாருக்கும் கட்டாயம் இல்லை.

தென்கோடி:
அந்தப் பரிசோதனை நடந்து முடிந்த நாடு ஒன்று உண்டு, தென் அமெரிக்காவில் சிலி. சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் 1981இல் ஆரம்பித்தார்கள். கூப்பன் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது, ஆனால் யாரைச் சேர்ப்பது என்பது பள்ளியின் இஷ்டம். அப்புறம் கூப்பனுக்கு மேல் கட்டணம் வாங்கிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். பள்ளிகள் நேர்காணல் வைத்துப் பொறுக்கி எடுத்தன. கூடுதலாகக் கட்ட முடிந்தவன் ஒரு பக்கம் போனான், முடியாதவன் நகராட்சிப் பள்ளியில் தங்கினான். 2006இலும் 2011இலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015இல் சட்டம் போட்டு, அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்குவதற்குத் தடை விதித்தார்கள், மேல்கட்டணத்தையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் இப்போது அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா பக்தன் சார்? குலுக்கல். குடம் மட்டும் இல்லை, கம்ப்யூட்டர் எடுக்கிறது.

ராஜாஜி பக்தன்:
சிலியில் தோற்றது நடைமுறை, தத்துவம் அல்ல.

தென்கோடி:
இதே வரியை எங்கள் ஊர் கம்யூனிஸ்ட் தோழர் சோவியத்துக்குச் சொல்வார்.

குலுக்கல் அம்மா:
மேல்கட்டணம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களிடமும் கட்டணம் இல்லை என்றுதான் சொன்னார்கள். முதல் வாரமே புத்தகம், சீருடை, ஷூ, 'ஆக்டிவிட்டி' என்று ரசீது வந்தது. வேன் எங்களுக்குக் கட்டாது. இவர் லோடு ஏற்றப் போகும்போது வண்டி முன்சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். சின்னப்பள்ளி சார், உங்கள் பள்ளியிலும் இப்படித்தானா?

சின்னப்பள்ளி:
புத்தகத்துக்கு வாங்குகிறேன். மறைக்கவில்லை. வாங்காமல் இருந்தால் மற்ற 24 பேர் தலையில்தான் அது ஏறும், அவர்களும் கோடீஸ்வரர்கள் இல்லை. மளிகைக் கடை, மெக்கானிக், வாழைத்தார் வியாபாரி. பெரிய இன்டர்நேஷனல் பள்ளிக்காரனுக்கு இந்த 25 சதவீதம் கொசுக்கடி, எனக்கு அப்படி இல்லை. இதை எந்தத் தீர்ப்பும் பிரித்துப் பார்க்கவில்லை. பணம் அந்தந்த மாதம் வந்தால் 8 என்ன, 12 பேரைச் சேர்க்கவும் தயார். ஆனால் யாரைச் சேர்ப்பது என்று நான்தான் முடிவு செய்வேன்.

குலுக்கல் அம்மா:
நீங்கள் முடிவு செய்தால் என் மகள் வந்திருப்பாளா?

சின்னப்பள்ளி:
தெரியாதம்மா. உண்மையைச் சொன்னால், எங்கள் 8 பேரில் நாலு பேரை நான் எடுத்திருக்க மாட்டேன். அதில் ஒருத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. மாவட்டக் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் அவள் படம்தான் பெரிசாக இருக்கிறது, அட்மிஷன் நடைபெறுகிறது என்று கீழே போட்டிருக்கிறோம்.

குலுக்கல் அம்மா:
அந்த ஃப்ளெக்ஸில் குலுக்கலில் வந்த பிள்ளை என்று போட்டிருக்கிறீர்களா சார்?

சின்னப்பள்ளி:
இல்லை.