சூடு என்று நினைத்து இரண்டு வருடம் விட்டுவிட்டேன்

திண்டுக்கல் தோழி:

வெள்ளைப்படுதல் எனக்கு வயசுக்கு வந்ததிலிருந்தே உண்டு. அதனால் கல்யாணமான நாலாவது மாதம் அது மஞ்சளாக வந்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு" என்றார் மாமியார். சாப்பிட்டேன். கற்றாழையும் சாப்பிட்டேன். சிறுநீர் போகும்போது எரிந்தது, அதுவும் சூடுதான் என்றார்கள். கணவரோடு சேர்ந்த மறுநாள் உள்பாவாடையில் இரத்தத் துளி இருக்கும். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, குழந்தை இல்லையே என்றுதான் டாக்டரிடம் போனோம். கர்ப்பப்பை வாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்துச் சோதித்தார்கள். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றாம். அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். அவருக்கும் அதே. ஒரு தொந்தரவும் இல்லாத எனக்கு எதற்கு மாத்திரை என்று முகம் கடுத்தார். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் திரும்பவும் தொற்றிக்கொள்ளும், இருவரும் முடிக்கும்வரை சேரக்கூடாது என்று டாக்டர் அவரையே உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை.

அப்புறம் கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலப்பக்கம் மருந்து வெள்ளை நூல் மாதிரி ஓடி வெளியே சிந்தியிருந்தது. இடப்பக்கம் பாதியிலேயே முட்டி நின்றுவிட்டது, அந்தக் குழாய் அடைபட்டிருந்தது.

தஞ்சாவூர் தோழி:

அக்கா, எனக்கு அறிகுறி என்று எதுவுமே இல்லை. நாள் தள்ளிப்போய் இரண்டு கோடு பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்க அடிவயிறு குத்தியது, தோள்பட்டையும் வலித்தது. துணி துவைத்த அசதி என்று படுத்தேன். எழுந்து வாசலுக்கு வந்ததும் மயங்கி விழுந்துவிட்டேன். கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் தோளில் வலிக்குமாம், பிறகு சொன்னார்கள். அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். முன்பு எப்போதோ வந்த தொற்றின் தழும்பு உள்ளே இருந்ததாம். எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

மதுரை தோழி:

நான் அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். பால்வினைத் தொற்றுக்கு அங்கே மருந்து இலவசம். தொற்றால் வரும் அடிவயிற்று வலிக்கு மஞ்சள் பொட்டலம் கொடுப்போம், 14 நாள் மாத்திரை. நாலாம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து முழுசாக முடியுங்கள். கூச்சமாக இருந்தால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வாருங்கள். மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

திண்டுக்கல் தோழி:

தங்கச்சி, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு மாத்திரை சாப்பிட்டு 3 மாதம் முடிகிறது, வெள்ளிக்கிழமை தொற்றுக்கு மறுபரிசோதனை. இந்தத் தடவை அவரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.