மறு: அங்காடி மாடமோ கடைவீடோ? வியாழனுக்கு முதல் முடிவு வேணும்

மாஸ்டருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

நேற்றிரவு முழுக்க உங்கட மடலுகளத்தான் வாசிச்சனான். மலேசியாவின்ர மலாக்கா, ஜோர்ஜ் டவுன் ஊர்க் கட்டடங்களைப் பற்றின பாடக்குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும். இங்கிலிசில shophouse எண்டு சொல்லுற கட்டடம் இது: கீழ கடை, மேல குடும்பம், ரெண்டு பக்கமும் அயல்வீட்டோட ஒட்டின சுவர், முகப்பு ஒடுக்கம், உள்ளுக்க நீட்டுக்குப் போய் நடுவில வெளிச்சத்துக்கும் காத்துக்கும் ஒரு திறந்த முற்றம். 2008 இல யுனெஸ்கோவின்ர உலக மரபுரிமைப் பட்டியலில ஏறின அந்த ரெண்டு ஊரும் இதாலதான் நிறைஞ்சிருக்கு, அதுக்குத் தமிழில ஒரு பேர்தான் உங்களிட்டக் கேட்டனான்.

> அங்காடி மாடம் எண்டால் தமிழ் மணக்குது, கடை கொச்சை

மாஸ்டர், இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். சிலப்பதிகாரத்து நாளங்காடி, அதுதான் பகல் சந்தை, எங்க இருக்குது? புகாரில மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில, "கடைகால் யாத்த மிடைமரச் சோலை"யில. மரத்தையே காலா வச்சுக் கட்டின கடையள், அதுக்கு மேல ஆர் குடியிருந்தது? அங்காடி எண்டா சந்தை, எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை மாதிரி. அதோட இளங்கோவின்ர அதே அடியில கடை எண்ட சொல்லும் நிக்குது, பிறகென்ன கொச்சை? குறளில "பிறன்கடை நின்றாரின்" எண்டேக்க கடை எண்டா வாசல். வாசலில வச்சு வித்ததுதான் கடையாகியிருக்கும் எண்டு எனக்குப் படுகுது, அப்பிடிப் பாத்தால் இந்தக் கட்டடத்தின்ர முகமே கடைவீடு எண்ட சொல்லுக்குள்ள இருக்கு.

> கடைவீடு எண்டால் ஒழுங்கையின்ர கடைசி வீடு எண்டு விளங்குவினம்

அண்ணை, யாழ்ப்பாணத்தில பெரியகடை, சின்னக்கடை எண்டு இடங்களுக்கு எத்தினை தலைமுறையாச் சொல்லுறம், ஆரும் பிழையா விளங்கேல்லயே. சிங்கப்பூர்த் தமிழாக்களும் கடைவீடு எண்டுதான் எழுதினம்.

தங்கச்சி சொன்ன மெத்தைக்கடை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, மெத்தை எண்டா எங்கட பழைய பேச்சில மேல்மாடி. கஸ்தூரியார் வீதியில பெரியப்பாவின்ர கடையும் அப்பிடித்தான், பொழுதுபட நம்பர் எழுதின பலகையளை ஒண்டொண்டாத் தவாளிப்புக்குள்ள தள்ளிப் பூட்டிப்போட்டு "மெத்தைக்குப் போறன்" எண்டுதான் மேல ஏறுவார். ஆனால் இப்பத்தப் பிள்ளையளுக்கு மெத்தை எண்டா படுக்கிறதுதான், பஞ்சு விக்கிற கடை எண்டு நினைப்பினம்.

கடைக்கு முன்னால கூரைக்குக் கீழ போற நடைபாதைக்கு விறாந்தை எண்ட பேர் வேண்டாம். விறாந்தை வீட்டுக்காரற்ர சொத்து. 1822 இல ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குத் திட்டம் போடேக்க ஒவ்வொரு கடைக்கு முன்னாலயும் ஆரும் நடக்கக்கூடிய தொடர் கூரை வேணும் எண்டு சொன்னவர், அங்கத்தத் தமிழாக்கள் அதை அஞ்சடி எண்டுதான் சொல்லுறவை. ஐந்தடி எண்டு திருத்தாதேங்கோ மாஸ்டர், வாயில வாழுற சொல்லு அது.

நாலு பேர் கடைவீட்டுக்குச் சம்மதம், மாஸ்டர் இன்னும் இல்லை. கடைவீடு எண்டே அனுப்புறன், வரைபடத்தில மேல்தளத்துக்கு மட்டும் மெத்தை எண்டு எழுதுறன். ரெண்டு வீட்டுக்கும் பொதுவா நிக்கிற அந்தச் சுவருக்கு ஒருத்தரும் பேர் சொல்லேல்ல, புதன் பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ.